நம்ம வீட்டு ஸ்க்ரூ

ஏக்கம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. எண்ணெய் போடாத குறைதான் உண்டு.

இது லிஃப்ட் மாமாவின் சித்தாந்தம். பத்தொன்பது வருடங்களாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவர் அவர். அந்தரத்தில் தொங்கியபடி யோசிப்பதற்கு அவருக்கு நிறைய நேரம் கிடைத்திருக்கிறது. பெருமூச்சு விடுகிற மனிதன் எவனைக் கண்டாலும், முதலில் அவன் வீட்டுக் கதவைப் போய்ப் பார் என்பார். நிச்சயம் கிறீச்சிடும். "அதைச் சரி பண்ணுங்க, மனசு தானா வழிக்கு வந்துடும்." இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. கேட்பவர்களும் சிரிப்பதில்லை. அந்த நேரத்தில் அவர் கையில் பெரும்பாலும் ஒரு ஸ்பேனர் இருக்கும்.

அந்தச் சித்தாந்தத்தோடும் ஒரு இரும்புப் பெட்டியோடும் ஞாயிறு காலை எட்டரைக்கு அவர் நண்பனின் வீட்டு வாசலில் நின்றார்.

நண்பன் வீட்டில் இல்லை. இரண்டு வருடமாகவே இல்லை. அவன் கிரேன்காரன். கடல் தாண்டி எங்கோ ஒரு பாலம் கட்டுமிடத்தில், நாற்பது டன் உத்திரங்களை முட்டையை மேசைமேல் வைக்கிற பதமாக இறக்கி வைப்பவன். இரண்டு வருட ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. போன ஞாயிறு போனில், "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க, நான் யோசிச்சு..." என்றபோது லைன் அறுந்தது. ஒரு வாரமாக அவன் மனைவி அந்த வாக்கியத்தின் மிச்சத்தைத் தானே எழுதி, தானே அழித்துக்கொண்டிருக்கிறாள். இன்று மாலை ஐந்து மணிக்குப் பேசுவதாகச் செய்தி வந்திருந்தது.

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். இப்ப தெரியுதா, இப்ப தெரியுதா என்று நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்பவளுக்கு, இன்றைக்கு மாலை ஐந்துக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

"எல்லாத்தையும் பண்ணிடுங்கண்ணா," என்றாள், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள். "ஒண்ணு விடாம."

"அவன் வந்து பண்றேன்னு சொன்னதையுமா?"

"அதைத்தான் சொல்றேன். ரெண்டு வருஷமா காலைல எழுந்தா ஜன்னல்ல அவர் கட்டின கட்டுலதான் முழிக்கிறேன். வந்தா வரட்டும். வரலைன்னா, நான் ஒரு கதவையாவது ஒழுங்கா மூடிக்கணும்ல?"

லிஃப்ட் மாமா பெட்டியைத் திறந்தார். சொந்த விஷயம் பேசும் பெண்களிடம் அவர் செய்வது அதுதான்.

வீட்டைச் சுற்றி வந்தார், ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வருவதுபோல. நாற்பது டன்னைப் பதமாக இறக்குகிறவனுக்கு ஒரு ஸ்க்ரூவை நேராகப் போட வராது. படுக்கையறைக் கதவு தரையில் இழுத்து, பாதிக்குமேல் மூடாது. அதற்கு அவன் செய்த வைத்தியம், அடியில் செருகிய அட்டை. சமையலறை அலமாரிக்கு முட்டுக் கொடுத்தது பழைய தொலைபேசிப் புத்தகம். கூடத்து ஜன்னலில் கொண்டி உடைந்துபோய், இரண்டு கதவுகளையும் சேர்த்து நீல வயரால் ஒரு கட்டு.

"இது உங்கப்பன் ரிப்பேரா?" என்று அந்த முடிச்சைக் காட்டிக் கேட்டார்.

கேட்டது பட்டாணியிடம். வீட்டின் ஒரே வாரிசு, ஆறு வயது. முன்பற்கள் இரண்டும் விடுப்பில் இருந்தன. மற்றபடி முழு ஊழியர் பலத்தோடு அவர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள்.

"ஆமா. அப்பா போற அன்னிக்குக் கட்டினாரு. வந்ததும் சரி பண்றேன்னு சொன்னாரு."

"வயர் கட்டறவன்லாம் மெக்கானிக்குன்னா, பார்சல் கட்டறவன்லாம் இன்ஜினியர். பொருள் உடைஞ்சா ரிப்பேர் பண்ணணும், இல்லேன்னா தூக்கிப் போடணும். கட்டி வெச்சுக்கிட்டு அதையே பாத்துட்டிருக்கறது ஒரு வியாதி."

"உங்களுக்கு அந்த வியாதி இல்லையா மாமா?"

"எங்க வீட்ல ஒரு பொருள்கூடக் கெடாது."

உண்மைதான். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் கிரேன்காரனும் டீக்கடையில் உட்கார்ந்து மதியம்வரை சண்டை போடுவார்கள். இந்த இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கெடுவதற்கு அவகாசமே இல்லை.

"எனக்கு ஒரு அசிஸ்டென்ட் வேணும்," என்றார். "வர்றியா?"

பட்டாணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வருவதாக ஒப்புக்கொண்டாள். அவர் ஒரு தகர மூடியை அவளிடம் கொடுத்தார்.

"கழட்டற ஸ்க்ரூ எல்லாம் இதுல. எண்ணி வாங்கணும், எண்ணிக் குடுக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் வேலை முடிஞ்சதா அர்த்தம் இல்ல. எங்க லைன்ல அதான் சட்டம்."

"முடியலைன்னா?"

"முடியற வரைக்கும் ஆள் திரும்ப வந்துதான் ஆகணும்."

பட்டாணி அந்தச் சட்டத்தை உதடு அசையத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இப்படித்தான் என்று லிஃப்ட் மாமா மகிழ்ந்தார்.

முதலில் கதவு. இரண்டு கீல்கள், கீலுக்கு நாலு ஸ்க்ரூ. கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, அடிப்பக்கம் இழைத்து, கீலுக்கு எண்ணெய் விட்டு, கீழ்ச் சந்தில் ஒரு ரப்பர் பட்டை ஒட்டி, திரும்ப மாட்டினார். பட்டாணி ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுத்தாள். ஏழு கொடுத்தாள்.

"இன்னொண்ணு?"

மூடியைக் கவிழ்த்துக் காட்டினாள். காலி.

அவர் கால் சட்டையை உதறினார். துடைப்பத்தால் தரையைப் பெருக்கினார். பத்தொன்பது வருடத்தில் முப்பத்தாறு மாடிக் குழிக்குள்கூட அவர் ஒரு ஸ்க்ரூவைத் தொலைத்ததில்லை. கடைசியில் தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார், யாரும் பார்க்காதபோது. கதவு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மூடியது. கிறீச் இல்லை, முனகல் இல்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே ரேடியோவை வைக்கச் சொன்னார். ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

"என்ன வேலை பாத்தீங்கண்ணா," என்றாள் வெளியே வந்த பட்டாணியின் அம்மா. "ரெண்டு வருஷமா நான் உள்ள போன் பேசினா, இந்தப் பிசாசு கூடத்துல உக்காந்து ரெண்டு பக்கமும் கேட்டுட்டு இருக்கும். இனிமே என் ரகசியம் எனக்கு."

பிசாசு தகர மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்து அலமாரி. ஆறு ஸ்க்ரூ கழற்றினார். ஐந்து திரும்பி வந்தது.

"எனக்கு வயசாகுதா பட்டாணி?"

"கொஞ்சம்," என்றாள் அவள், ஆறுதலாக.

மறுபடி டப்பாவிலிருந்து ஒன்று. டீ வந்தது, டீயோடு பிஸ்கெட் வந்தது. டீயைக் குடித்தபடியே அவர் மனதுக்குள் பதினெட்டு கட்டடங்களில் போட்ட ஸ்க்ரூக்களையெல்லாம் எண்ணிப் பார்த்தார்.

மூன்றரை மணிக்கு ஜன்னல்.

நீல வயரை அவிழ்த்துச் சமையலறைக் குப்பைக் கூடையில் எறிந்தார். பட்டாணி அது விழுகிற சத்தத்தைக் கேட்டாள்; வயர் விழுவதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை, ஆனாலும் கேட்டாள். உடைந்த கொண்டியைக் கழற்றினார். பொடி ஸ்க்ரூ நாலு. புதுக்கொண்டியை வைத்தார். மூன்று கிடைத்தது.

இந்த அளவுப் பொடி அவர் டப்பாவில் இல்லை.

"சரி," என்றார். இது இனி மானப் பிரச்சினை. பெட்டியின் அடியிலிருந்து நுனியில் காந்தம் வைத்த கம்பி ஒன்றை எடுத்தார். ஆண்டெனா மாதிரி இழுக்க இழுக்க நீளும். லிஃப்ட் குழியில் விழுந்தவற்றை மேலே இருந்தே எடுப்பதற்கானது. "அசிஸ்டென்ட், இதை வெச்சுத் தேடு. சோபாக்கு அடியில, ஃபேனுக்குக் கீழ, எல்லா மூலையும்."

பட்டாணி மனப்பூர்வமாகத் தேடினாள். சோபாவுக்கு அடியிலிருந்து ஒரு ஊக்கு, ஒரு பேனா மூடி, தொலைந்ததாகப் போன வருடம் அழுத ஒரு பொம்மைச் சக்கரம் எல்லாம் கிடைத்தன. எல்லாவற்றையும் அவரிடம் காட்டினாள். கம்பி நீளமாக இருந்ததால், திரும்பும்போது அதை மடக்கிக் கிட்டே இழுத்தாள்.

டக்.

காந்தம் அவள் கவுன் பையில் ஒட்டிக்கொண்டது. அவள் பிடித்து இழுத்தாள். பையும் கூடவே வந்தது.

காந்தத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தவன் குழந்தைகளை யோசிக்கவில்லை.

லிஃப்ட் மாமா மண்டியிட்டு அந்தப் பைக்குள் இரண்டு விரலை விட்டார். கீல் ஸ்க்ரூ ஒன்று. அலமாரி ஸ்க்ரூ ஒன்று. பொடி ஒன்று.

"இது என்ன?"

"ஸ்க்ரூ."

"அது தெரியுது. இங்க எப்படி வந்துச்சு?"

தானாக வந்தது என்று சொல்லலாமா என்று அவள் ஒரு கணம் பரிசீலித்தது முகத்தில் தெரிந்தது. பிறகு கைவிட்டாள்.

"நான்தான் எடுத்தேன்."

"எதுக்குடா?"

"ஒண்ணு குறைஞ்சாலும் வேலை முடியலைன்னு நீங்கதான சொன்னீங்க."

"சொன்னேன்."

"முடியற வரைக்கும் ஆள் திரும்ப வரணும்னு சொன்னீங்க."

அவர் மூன்று ஸ்க்ரூவையும் உள்ளங்கைக்கு மாற்றினார்.

"இதெல்லாம் அப்பா வேலை. வந்து பண்றேன்னு சொல்லியிருக்காரு. நீங்க எல்லாத்தையும் முடிச்சுட்டா அப்புறம் அவரு எதுக்கு வருவாரு? இங்க அவருக்கு என்ன வேலை இருக்கும்?"

"பட்டாணி, கதவுக்குத்தான் நான் என் டப்பாலேர்ந்து போட்டுட்டேனே. அது முடிஞ்சு போச்சே."

"அது உங்க ஸ்க்ரூ. நம்ம வீட்டு ஸ்க்ரூ என்கிட்ட இருக்கு. அதனால முடியல."

எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய வாதம். அவர் சட்டத்தை வைத்தே அவரை மடக்கியிருந்தாள். லிஃப்ட் மாமா தன் உள்ளங்கையில் இருந்த மூன்றையும் பார்த்தார். ஆறு வயதில் ஒருத்தி தன் அப்பாவை வரவழைக்க வைத்திருந்த மொத்த ஏற்பாடும் அவ்வளவுதான். ஒரு காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"அம்மாகிட்ட சொல்வீங்களா?"

"மாட்டேன்."

"அந்தச் சின்னது வேணுமா உங்களுக்கு?"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளே அயர்ன் செய்துகொண்டிருக்கிறவளுக்கு, ஒன்று விடாமல் முடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். பொடி ஸ்க்ரூவை எடுத்து, கொண்டியில் வைத்து, திருகினார். பட்டாணி கிட்டே நின்று, திருகு முழுக்க இறங்கும்வரை பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் பிஸ்கெட் கொடுத்துச் சமாளித்திருப்பார்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சு," என்றார். தொழிலில் அவர் தினமும் சொல்கிற வார்த்தைதான். சொல்லிவிட்டு, இறங்கிவிட்ட திருகையே இன்னொரு முறை திருகினார்.

அப்போது அவள் அம்மா, அயர்ன் சூடு தாங்காமல் ஜன்னலைத் திறக்க வந்தாள்.

வந்தவள் ஜன்னலைப் பார்க்கவில்லை. கை மட்டும் தானாக மேலே போனது. முடிச்சு இருந்த இடத்தில், இல்லாத வயரின் வாலை இரண்டு விரலால் பிடித்து, இடப்பக்கமாக ஒரு சுற்று அவிழ்த்தாள். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில்தான் கை வெறும் காற்றில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு வருடக் காலைகள். தினமும் அவிழ்த்து, தினமும் கட்டியிருக்கிறாள். நினைத்திருந்தால் முதல் வாரமே கடைத்தெருவில் ஒரு கொண்டி வாங்கியிருக்கலாம்.

விரல்களை மடக்கிக்கொண்டாள். புதுக்கொண்டியைத் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு திறந்தது.

"நல்லா இருக்குண்ணா," என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு."

லிஃப்ட் மாமா எண்ணெய் டப்பாவைப் பார்த்தார். இதற்கு எங்கே விடுவது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஐந்து மணிக்கு எட்டு நிமிடம் முன்பே அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஐந்து அடித்தது. ஐந்து மூன்று. ஐந்து ஏழுக்குப் போன் அதிர்ந்தது. அவள் அதைக் காதில் வைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் படுக்கையறைக்குள் போனாள்; கதவு அவள் பின்னால் மூடியது.

பழைய கதவாக இருந்தால் பாதியில் நின்றிருக்கும்.

பட்டாணி கூடத்தில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, வழக்கமாகத் தலையைச் சாய்த்தாள். பிறகு கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள். பிறகு கதவிலேயே காதை வைத்தாள்.

"ஒண்ணும் கேக்கல மாமா."

"கேக்காது."

"முன்னாடி கேக்கும்."

"அப்ப கதவு கெட்டுப் போயிருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப நல்லா ஆயிடுச்சு."

பட்டாணி அந்த நல்லதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தரையில் படுத்து, கதவின் அடிச் சந்தில் கண்ணை வைத்தாள். அங்கே ரப்பர் பட்டை இருந்தது. அவர் கையால் ஒட்டியது. நேர்த்தியான ஒட்டு.

அவரும், கௌரவம் பார்க்காமல், கதவின் மேல்பக்கத்தில் காதை வைத்தார். உள்ளே போனில் இருந்தவன் அவருக்கும் இருபத்தோரு வருட நண்பன். கையெழுத்துப் போட்டானா, வருகிறானா? பத்தொன்பது வருட அனுபவத்தை முழுசாகக் கொட்டி அவர் மூடிய கதவு, அவரிடம் ஒரு எழுத்துகூடச் சொல்லவில்லை.

"அப்பா ஜன்னலைப் பத்திக் கேப்பாரு," என்றாள் தரையிலிருந்து. "ஒவ்வொரு தடவையும் கேப்பாரு. முடிச்சு இருக்கான்னு. இருக்குன்னு நான்தான் சொல்வேன்."

"ம்."

"இன்னிக்கு என்ன சொல்றது?"

லிஃப்ட் மாமா எழுந்தார். சமையலறைக்குப் போனார். குப்பைக் கூடையைக் குனிந்து பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். முழங்கைவரை கையை விட்டார். பிஸ்கெட் உறைக்கும் டீத் தூளுக்கும் நடுவே வழுக்கி அடியில் போயிருந்தது. சட்டையில் துடைத்தார். சட்டையில் டீக் கறை விழுந்தது.

கூடத்துக்கு வந்து, திருப்புளியை எடுத்து, தான் போட்ட கொண்டியைத் தானே கழற்ற ஆரம்பித்தார்.

பட்டாணி எழுந்து வந்தாள். தகர மூடியை எடுத்து நீட்டினாள்.

"எண்ணிக்கோ."

"ஒண்ணு. ரெண்டு. மூணு." கடைசியை அவர் மூடியில் போடாமல் அவள் உள்ளங்கையில் வைத்தார். "நாலு."

"எதுவும் குறையலையே?"

"குறையல."

ஜன்னல் கதவுகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். "இந்தப் பக்கத்தைப் பிடி. இழுக்காதே, சும்மா பிடி." இடமிருந்து மூன்று சுற்று. ஒரு இழுப்பு. அவர் விரல்கள் யோசிக்கவில்லை. இருவரும் சேர்ந்து தங்கிய பயிற்சிக்கூட விடுதியில், கால் உடைந்த கட்டில் ஒன்றைக் கிரேன்காரன் இதே முடிச்சுப் போட்டு நிறுத்தினான். விழும், விழும் என்று இவர் கேலி செய்தபடியே இரண்டு வருடம் அதில்தான் தூங்கினார். ஒரு இரவும் விழவில்லை. அதை அவர் இதுவரை அவனிடம் ஒப்புக்கொண்டதும் இல்லை.

வால் மட்டும் பாக்கி. அதை உள்ளே செருகவேண்டும்.

எண்ணெய் விட்ட கதவு திறக்கும்போது சத்தம் போடுவதில்லை. அதனால், அவள் எவ்வளவு நேரமாகப் பின்னால் நிற்கிறாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. திரும்பியபோது அவள் அவர்களைப் பார்க்கவில்லை. நீல வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில், எந்தக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத ஒரு வரி.

"என்ன சொன்னான்மா?"

அவள் தலையை அசைத்தாள். அது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. போனை நீட்டினாள். இன்னும் லைனில் இருந்தது.

"முதல்ல உங்ககிட்ட பேசணுமாம்ணா. நீங்க வந்திருக்கீங்கன்னு சொன்னதும் பதறிட்டாரு."

இரண்டு கையும் முடிச்சில் இருந்தன. அவள் போனை அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவில் வைத்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் காற்று அடித்தது. பிறகு குரல்.

"டேய். நீ எங்க வீட்ல இருக்கேன்னு அவ சொன்னா. ஜன்னலை ஒண்ணும் பண்ணிடலையே?"

பட்டாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை இறுக்கி மூடினாள்.

லிஃப்ட் மாமா வாலை உள்ளே செருகி, கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார்.

"இல்லடா," என்றார். "நான் எதுக்குத் தொடப்போறேன். நீ கட்டினது அப்படியேதான் இருக்கு."